வணிக இணையத்தளப் பராமரிப்பு

வணிக இணையத்தளப் பராமரிப்பு என்பது ஒரு நிறுவனத்தின் இணையத்தளம் தடையின்றியும் பாதுகாப்பாகவும் விரைவாகவும் இயங்குமாறு பேணும் பணியாகும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களை உள்ளடக்கிய வேலூர் வட்டாரத் தோல் தொழிலில் இப்பணி ஏற்றுமதியுடன் தொடர்புடையது. செருமனி, இத்தாலி, ஐக்கிய அமெரிக்கா போன்ற நாடுகளின் வணிகர்களுடன் நடைபெறும் கடிதப் போக்குவரத்து மின்னஞ்சலையே பெரிதும் சார்ந்துள்ளது.

ஆள்களப் பெயர்

தள முகவரியும் நிறுவன மின்னஞ்சலும் பொதுவாக ஒரே ஆள்களப் பெயரைக் கொண்டு இயங்குகின்றன. அதனைப் புதுப்பிக்கத் தவறினால் இரண்டும் ஒருங்கே நின்றுவிடும். குறித்த காலம் கடந்தபின் பிறர் அப்பெயரைப் பதிவு செய்துகொள்ளவும் இயலும். ஓரெழுத்து மட்டும் மாறிய பெயரிலிருந்து மின்னஞ்சல் அனுப்பி, வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக வாங்குவோரை நம்பவைத்துப் பணம் பறிப்பது பரவலான மோசடி முறையாகும். கணக்கு மாற்றம் எதனையும் முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் உறுதிப்படுத்துவது இதற்குரிய காப்பாகும்.

பாதுகாப்பு

மென்பொருளை இற்றைப்படுத்தல், கடவுச்சொல்லுடன் இரண்டாம் உறுதிப்பாட்டையும் பயன்படுத்தல், காப்புநகலை வேறு வழங்கியில் வைத்தல் ஆகியன அடிப்படைத் தேவைகள். 2018 சூலை முதல் குரோம் உலாவி, மறைகுறியாக்கம் இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை எனக் குறிக்கத் தொடங்கியது. நடுவண் அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, தள ஊடுருவல் போன்ற நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் அவ்வமைப்புக்குத் தெரிவித்தல் வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாட்கள் பேணுதல் வேண்டும்.

வேகம்

தோலின் நிறத்தையும் மேற்பரப்பையும் காட்டும் பெரிய ஒளிப்படங்கள் தளத்தின் வேகத்தைக் குறைக்கின்றன. அவற்றைச் சுருக்கி வெளியிடுவதும், வாங்குவோர் நாட்டுக்கு அருகிலுள்ள வழங்கிகளில் படிகளை வைப்பதும் பயன்தரும். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிகளுக்குள் தோன்றுவதைக் கூகுள் நிறுவனம் நல்ல வேகமாகக் கொள்கிறது.