எட்டு வருடத் தனிமை

எங்கள் ஊர் கிளியனூர் என்றாலும் நான் படித்தது பாண்டிச்சேரியில், அத்தை வீட்டில் தங்கி, பிரெஞ்சு வழியில். பத்து வயதில் வாத்தியாரை எதிர்த்துப் பேசியதற்காக ஒரு மத்தியானம் முழுக்க என்னைச் சாமான் அறையில் போட்டுப் பூட்டினார்கள். அந்த அறைக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'கஷோ', அதாவது இருட்டுச் சிறை. வாங்கிய அடியெல்லாம் மறந்துவிட்டது. அந்த மத்தியானம் மறக்கவில்லை.

அதனால்தானோ என்னவோ, வைத்தீஸ்வரன் வழக்கைப் படித்தபோது மனசு கேட்கவில்லை.

1894-ஆம் வருடச் சிறைச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, தூக்குத் தண்டனை பெற்றவரை மற்றவர்களிடமிருந்து பிரித்து இரவும் பகலும் காவலில் வைக்கச் சொல்கிறது. அதைச் சாக்காக வைத்து, செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பு வந்ததுமே ஆளைத் தனிக்கொட்டடியில் தள்ளிவிடுவார்கள். தனிமைச் சிறை என்பதோ கோர்ட் விதிக்க வேண்டிய தனித் தண்டனை. அப்போதும் இந்தியத் தண்டனைச் சட்டப்படி ஒரு தடவைக்கு 14 நாள், மொத்தம் 3 மாதம், அதற்கு மேல் கூடாது.

திகார் சிறையிலிருந்த சுனில் பத்ரா இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1978 ஆகஸ்ட் 30-ல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: அப்பீலும் கருணை மனுவும் முடியும்வரை அந்தப் பிரிவு பொருந்தாது, பொருந்தினாலும் மற்றக் கைதிகளைப் பார்க்கவும் அவர்கள் குரலைக் கேட்கவும் முடிகிற இடத்தில்தான் வைக்க வேண்டும். அந்த ஐவரில் ஒருவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957-ல் கேரளத்தில் சிறைத்துறை மந்திரியாக இருந்தவர். அதற்கு முன்பு தானே சிறையில் இருந்தவர்.

நம் தமிழ்நாட்டில் வைத்தீஸ்வரனுக்கு 1975 ஜனவரியில் தூக்கு விதித்தார்கள். அவர் செய்தது சாமான்யக் குற்றமல்ல, கொடிய கொலை. அது வேறு விஷயம். 1983 பிப்ரவரியில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு அவர் தண்டனையை ஆயுளாகக் குறைத்தபோது, எட்டு வருடமாகத் தனிமையிலேயே இருந்திருக்கிறார். அதில் நாலரை வருடம் பத்ரா தீர்ப்புக்கு அப்புறம்!

இது எப்படி நடக்கும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியும். மேலிடத்து உத்தரவுக்கு நம்பர் போட்டு, எல்லோரிடமும் இனிஷியல் வாங்கி, ஃபைலில் சேர்த்துக் கட்டி வைக்கிற வேலையைத்தான் நானும் முப்பது வருடம் பார்த்தேன். அந்தச் சிறை ஆபீசிலும் என்னைப் போல ஒருவர் இருந்திருப்பார்.

2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தபோது முதலில் தேடியது இதைத்தான். பழைய 73, 74-ஆவது பிரிவுகள் இப்போது 11, 12. அதே 14 நாள், அதே 3 மாதம்.