மணலும் அட்டையும்: திண்ணைப் பள்ளியிலிருந்து செயல்வழிக் கற்றல் வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துச் சிற்றூர்களில் கல்வி பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகளின் வழியே நடந்தது. வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ ஒற்றை ஆசிரியர் நடத்திய இப்பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். 1826இல் தொகுக்கப்பட்ட விவரப்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். எனினும் பெண் குழந்தைகள் மிகச் சிலரே படித்தனர், தீண்டாமைக்கு ஆளான சாதியினருக்கு அத்திண்ணைகள் பெரும்பாலும் எட்டவில்லை.

இப்பள்ளியின் முதற்கருவி மணல். தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத்தை வரையும்போதே அதன் ஒலியையும் பிள்ளை உரக்கச் சொல்ல வேண்டும்; கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கிடைத்தன. 1/320 என்னும் பின்னமாகிய முந்திரி முதலாகப் பின்னங்களையும் பெருக்கல் வாய்பாடுகளையும் தொகுத்த எண்சுவடி, நாள்தோறும் ஓதியே மனத்தில் ஏற்றப்பட்டது. இன்றைய பொருளில் வகுப்பு என்பது அங்கு இல்லாமையால் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் முன்னேறியது. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்க்குப் பாடம் சொல்லித் தன் பாடத்தையும் உறுதிப்படுத்திக்கொண்டான். பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை, தம் மாவட்டப் பள்ளிகளில் முதலில் வந்த மாணவனின் உள்ளங்கையில் கலைமகளின் பெயர் எழுதப்பட்டதையும், மூன்றாவதாக வந்தவன் முதல் ஒவ்வொருவருக்கும் ஓரடி கூடிக்கொண்டே போனதையும் பதிவு செய்கிறது. மாணவனைக் கொண்டு மாணவனுக்குக் கற்பிக்கும் முறையைப் பாராட்டிய அவரே, பொருள் விளங்காத செய்யுளைப் பிள்ளைகள் கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்ததைக் கடிந்தும் எழுதினார்.

இந்த மணற்பள்ளியே உலகளவில் பரவிய ஒரு கல்விமுறைக்கு வித்தாயிற்று. போர்வீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக எழும்பூரில் அமைந்த விடுதிப் பள்ளியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்த முயன்றார். துணையாசிரியர்கள் அதற்கு இணங்காததால், ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அம்முயற்சி வெற்றி பெறவே அதனைப் பள்ளி முழுவதற்கும் விரித்து, 1797இல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். மதராஸ் முறை எனப் பெயர்பெற்ற இது, ஜோசப் லங்காஸ்டர் தனியே வளர்த்த ஒத்த முறையோடு சேர்ந்து இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் படிக்கவைக்க முடிந்ததே அதன் பெருங்கவர்ச்சி. திண்ணையில் பிள்ளையைத் தனித்தனியே கவனிக்க உதவிய ஏற்பாடு, அங்கு பெருங்கூட்டத்தைச் சிக்கனமாக மேய்க்கும் ஏற்பாடாக மாறியது.

தாயகத்திலும் திண்ணைமுறை நிலைக்கவில்லை. 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பின் அரசு மானியம் பெருகியது. பின்னர் அம்மானியம் தேர்வு முடிவோடு பிணைக்கப்பட்டதால், ஆய்வாளர் வரும் நாளுக்குள் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பாடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கட்டாயம் ஆசிரியர்மீது விழுந்தது. வகுப்பு முழுவதும் ஒரே திசையில் நோக்கும் கரும்பலகை இந்தத் தேவைக்குப் பொருந்தியது. எழுதும் கை ஆசிரியருடையதாயிற்று, பார்த்துப் படியெடுப்பது மாணவர் வேலையாயிற்று.

அந்தக் கையை மீண்டும் பிள்ளையிடம் சேர்க்க முயன்றது, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிச் சில ஆண்டுகளில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த செயல்வழிக் கற்றல். ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தை அடியொற்றிய இம்முறையில், பாடம் சிறு அட்டைகளாகப் பகுக்கப்பட்டது. பிள்ளை ஏணிப்படி அட்டவணையில் தன் நிலையைத் தானே கண்டு அடுத்த அட்டையை எடுத்தது. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைந்தது. ஆசிரியர் குழுவோடு தரையில் அமர்ந்தார்.

2018 முதல் பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றதும், வகுப்பறைக்குள் திரைகள் வந்ததும் இவ்வரிசையின் அண்மைக் கட்டங்கள். மணல், பலகை, அட்டை, திரை ஆகிய எதுவும் தன்னளவில் நல்லதோ தீயதோ அன்று. பிள்ளையின் கைக்கு வேலை தந்து, ஆசிரியருக்குப் பிள்ளையைத் தனியே கவனிக்க நேரம் தந்த கருவியே கற்பித்தலை உயர்த்தியுள்ளது.