நாடாவில் இருந்ததும் தட்டில் விழுந்ததும்

1956 ஆகஸ்ட் 16 அன்று ஹாலிவுட்டின் கேப்பிடல் ஸ்டூடியோவில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் 11 பாடல்களை ஒரே நாளில் பாடி முடித்தார்கள். ஆஸ்கார் பீட்டர்சன் பியானோ, ஹெர்ப் எல்லிஸ் கிதார், ரே பிரவுன் பாஸ், படி ரிச் டிரம்ஸ். பக்கவாத்தியம் அவ்வளவுதான். பதிவுக்கு ஏற்பாடு செய்தவர் நார்மன் கிரான்ஸ். வெர்வ் நிறுவனத்தை அவர் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ‘எல்லா அண்ட் லூயி’ என்ற அந்த ஆல்பத்தை, அரை நூற்றாண்டு கடந்தபின், கான்சாஸ் மாநிலத்துச் சலைனா நகரின் அனலாக் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் 45 சுற்று வேகத்தில், தலா 200 கிராம் எடையுள்ள இரண்டு தட்டுகளாக மறுபதிப்புச் செய்தது. இத்தகைய தட்டுகளை வாங்குகிறவர்களுக்குப் பழமை மோகம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 1956இல் கடைக்குப் போய் அந்த ஆல்பத்தை வாங்கியவருக்குக் கிடைக்காத ஒன்றைத்தான் மறுபதிப்பு தருகிறது.

1956இன் அசல் தட்டின் கணக்கைப் பார்த்தாலே இது விளங்கும். கொலம்பியா நிறுவனம் 1948இல் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்.பி.யை அறிமுகப்படுத்தியபோது ஒரு பக்கத்துக்குச் சுமார் 22 நிமிடம் என்பதே அதன் பெருமை. ‘எல்லா அண்ட் லூயி’யின் மொத்த நீளமோ ஏறத்தாழ 54 நிமிடம், பக்கத்துக்கு 27. இவ்வளவு இசை ஒரு பக்கத்தில் அடங்க வேண்டுமானால் ஊசி ஓடும் வரிகளை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கி வெட்டினால் ஒலியின் அளவைக் குறைக்க வேண்டும், பாஸ் ஒலியைக் கட்டுப்படுத்த வேண்டும்; இல்லையேல் ஒரு வரி பக்கத்து வரியில் போய் இடிக்கும். அதோடு அன்றைய வீடுகளில் இருந்த மலிவான இசைத்தட்டுப் பெட்டிகளில் கனத்த பாஸ் வந்தால் ஊசி துள்ளிவிடும் என்ற கவலையும் வெட்டுபவருக்கு உண்டு. ரே பிரவுனின் விரல்கள் ஸ்டூடியோவின் ஒலிநாடாவில் பதிந்த அளவுக்குத் தட்டில் பதிய அங்கே இடமே இருக்கவில்லை.

குரலுக்கு நேரும் இழப்பு இன்னும் நுட்பமானது. தட்டு சுழலும் வேகம் ஒன்றுதான் என்றாலும், ஊசியின் கீழே வரி ஓடும் வேகம் ஒன்றல்ல. வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடும் வரி, பெயர்ச்சீட்டை நெருங்கும்போது சுமார் 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அந்தக் குறுகிய நீளத்துக்குள் நுண்ணிய அதிர்வுகள் நெருக்கியடிக்கும். ஊசியால் அவற்றைப் பின்தொடர முடியாது. முதலில் சிதைவது ‘ஸ’ போன்ற சீற்றொலிகள். டிரம்ஸில் ஏற்படும் சிறு சிதைவைக் காது பொறுத்துக்கொள்ளும். மனிதக் குரலை நாம் பிறந்ததிலிருந்து கேட்கிறோம், அதில் ஒரு சொல் கரகரத்தாலும் உடனே தெரிந்துவிடும். இந்த ஆல்பத்தில் உட்கோடியில் சிக்கியது ‘ஏப்ரல் இன் பாரிஸ்’. ஆறரை நிமிடம் ஓடும் மென்மையான பாடல், அதிலும் எல்லாவின் உச்சரிப்பு கண்ணாடிபோல் தெளிவானது! 45 சுற்றில் வரியின் வேகம் 35 விழுக்காடு கூடுகிறது. நான்கு பக்கங்களாகப் பிரித்தால் பக்கத்துக்குப் பதின்மூன்று பதினான்கு நிமிடமே வருவதால், வெட்டுபவர் உட்கோடிக்கு நெருங்கவே வேண்டியதில்லை. குரல் ஜாஸ் ஆல்பங்களை மறுபதிப்பாளர்கள் விரும்பி எடுப்பதற்கு இதுவே முதன்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

நாட் கிங் கோலின் ‘லவ் இஸ் த திங்’ இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. கார்டன் ஜென்கின்ஸின் இசை ஏற்பாட்டில் 1956 டிசம்பரில் பதிவான அந்த ஆல்பம் 1957இல் வெளிவந்தபோது ஸ்டீரியோ எல்.பி. சந்தையில் பரவியிருக்கவில்லை, தட்டு வாங்கியவர்கள் கேட்டது மோனோ. ஆனால் ஸ்டூடியோவில் ஓடியது மூன்று தட நாடா. 2010இல் ஒலிப்பொறியாளர்கள் ஸ்டீவ் ஹாஃப்மனும் கெவின் கிரேயும் மறுபதிப்புக்காக அந்த மூன்று தட நாடாவுக்கே திரும்பிப் போனார்கள்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். கலைஞரும் தயாரிப்பாளரும் உலகுக்குக் கொடுத்தது அந்த நாளின் கலவையை அல்லவா, அதை மீறிப் பழைய நாடாவைத் தோண்டும் உரிமை யாருக்கு? ரூடி வான் கெல்டர் போன்ற ஜாஸ் ஒலிப்பொறியாளர்கள் தாங்கள் பதிந்ததைத் தாங்களே தட்டில் வெட்டினார்கள். அவர்கள் ஒலியை நெருக்கியதும் அவர்களுடைய கலையின் பகுதிதான். அங்கே இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் 27 நிமிடத்தை ஒரு பக்கத்தில் அடைத்தது கலைத் தீர்ப்பு அல்ல. ஒரே தட்டாக விற்க வேண்டும் என்ற வணிகத் தேவை. இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. நாடா முதுமையடைகிறது என்பது அடுத்த மறுப்பு. அதுவும் உண்மையே. புதிய நாடாவிலிருந்து வெட்டிய முதல் தட்டில், இன்று நாடாவிலேயே மங்கிவிட்ட மேல்சுரங்கள் மிஞ்சியிருக்கலாம். ஆகவே முதல் பதிப்பும் ஒரு சான்றாகப் பாதுகாக்கப்பட வேண்டியதே.

மறுபதிப்பை ஆதரிக்கும் வாதத்துக்குக் கடுமையான அடி 2022இல் விழுந்தது. 1977 முதல் ‘மூல நாடாவிலிருந்து’ என்ற பெயரெடுத்த மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், பல ஆண்டுகளாக இடையில் டிஜிட்டல் பிரதி ஒன்றைப் பயன்படுத்தி வந்தது அம்பலமானது. தேர்ந்த காதுகள் என்று பெயர்பெற்றவர்களும் அந்தத் தட்டுகளைப் புகழ்ந்திருந்தார்கள். வாங்கியவர்கள் தொடுத்த வழக்கு 2.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அப்படியானால் எல்லாமே மாயைதானா? இல்லை. நாடாவில் இருப்பது பழைய எல்.பி.யில் இருந்ததைவிட அதிகம் என்ற வாதம், டிஜிட்டல் கெட்டது என்ற நம்பிக்கையில் நிற்கவில்லை. அனலாக் புரொடக்‌ஷன்ஸே கோலின் ஆல்பத்தை எஸ்.ஏ.சி.டி. என்ற டிஜிட்டல் வட்டாகவும், மூன்று தட வடிவத்தோடு, வெளியிட்டது. மொபைல் ஃபிடெலிட்டியில் நடந்த பிழை ஒலியில் அல்ல, சொல்லாமல் விட்டதில். நூறு டாலரும் அதற்கு மேலும் கொடுத்து வாங்கியவர்களுக்குத் தாங்கள் எதை வாங்கினார்கள் என்பது மறைக்கப்பட்டது.

இந்த மறுபதிப்புத் தொழில் நிற்கும் தரையும் உறுதியானதல்ல. 2008 ஜூன் 1 அன்று யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் மூண்ட தீயில் மூல நாடாக்கள் பெருமளவில் அழிந்தன என்று 2019இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது; சேதம் அவ்வளவு பெரிதல்ல என்று யுனிவர்சல் மறுத்தது. 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பானிங்கில் இருந்த அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தபோது, வெட்டுவதற்கான லாக்கர் தட்டுகளைச் செய்ய ஜப்பானில் ஒரே ஒரு நிறுவனம் மிஞ்சியது. எந்த நாடா இன்னும் இருக்கிறது, அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை யாராவது பெட்டியைத் திறந்து ஓட்டிப் பார்த்தால்தான் அறிய முடியும். அந்தப் பெட்டிகளைத் திறக்கப் பணமும் காரணமும் கொடுத்தவர்களில் இந்தச் சிறு மறுபதிப்பாளர்கள் முக்கியமானவர்கள். 2022க்குப் பிறகு மொபைல் ஃபிடெலிட்டி, நாடாவிலிருந்து தட்டுவரை என்னென்ன படிகள் என்பதை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் குறிப்பிடத் தொடங்கியிருக்கிறது. வெட்டியவர் எந்த ஒலிப்பகுதியை ஏற்றினார், எதை இறக்கினார் என்பதையும் உறையில் அச்சிட்டால், அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு அது தட்டைவிடவும் பயன்படும்.