கேரள எல்லைத் தமிழ்ப் பள்ளிகளில் கதைவழி ஆங்கிலம்

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், பீர்மேடு வட்டாரங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. அங்கு படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பஸ் பலகையில் மலையாளம், இரண்டுக்கும் மேலே ஆங்கிலம். இலக்கியம் வழியாக ஆங்கிலம் கற்பிப்பது இங்கே பழைய வழக்கமே. ஆனால் கதையைக் கையில் கொடுத்ததால் மட்டும் மொழி வந்துவிடாது; அதைத் தெரிந்த மொழியில் பேசி அசைபோட இடம் கிடைத்தால்தான் கதை உதவும் என்றே இவ்வழக்கத்தின் வரலாற்றிலிருந்து கொள்ள வேண்டியிருக்கிறது.

பாலக்காட்டில் 1866-இல் தொடங்கிய பள்ளி 1888-இல் விக்டோரியா கல்லூரி ஆனது. ஆங்கில இலக்கியம் அன்று பட்டத்துக்கும் உத்தியோகத்துக்கும் படிக்கட்டு. 1877-இல் ஆங்கிலேயரான மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலையைப் பெற்றபின் தேயிலைக்காக அங்கே ஏறிய தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் படிக்கட்டு எட்டவில்லை. 1950-களில், பாலக்காடும் அப்போது சேர்ந்திருந்த சென்னை மாநிலத்தில், வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகப் பயிற்றும் பாடத்திட்டம் வந்தது. கதை ‘நான்-டீடெயில்’ எனும் துணைவாசிப்புப் புத்தகத்துக்குள் ஒதுங்கியது. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் மொழி கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு நடத்திய திட்டம், வாக்கிய அமைப்புகளைப் பயிற்றினால் மொழி வரும் என்ற நம்பிக்கையை அசைத்தது. பொருளில் மனம் ஊன்றும்போது இலக்கணம் தானே படியும் என்றார் அவர்; கையாண்டது கதையை அல்ல, புதிர்களையும் கணக்குகளையும். கதைக்கான வலுவான சான்று ஃபிஜியிலிருந்து வந்தது. ஆய்வாளர்கள் எல்லியும் மங்குபாயும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு கிராமப் பள்ளிகளுக்கு 250 கதைப் புத்தகங்கள் தரப்பட்டன. எட்டு மாதத்தில் வாசிப்பிலும் கேட்டறிதலிலும் பிள்ளைகள் வழக்கத்தைவிட இரு மடங்கு வேகத்தில் முன்னேறினர். கேரளத்தின் 2007 கலைத்திட்டச் சட்டகத்தை ஒட்டி, மொழியியலாளர் கே.என். ஆனந்தனின் கருத்துகளால் கதைசொல்லல் ஆங்கில வகுப்பின் நடுவே வந்தது: ஆசிரியர் கதையை ஒரு நெருக்கடியில் நிறுத்துவார், பிள்ளைகள் பேசுவார்கள், பின் உரையாடலோ நாட்குறிப்போ எழுதுவார்கள்.

இம்முறையில் எழுத்தும் இலக்கணமும் நழுவும் என்ற குறை நியாயமானதே. ஆனால் அது திருத்தும் வேலையைக் கைவிட்ட வகுப்புக்கே பொருந்தும். ஆங்கில வகுப்பில் தமிழ் நுழைந்தால் ஆங்கிலம் குறையும் என்பது இன்னும் பலமான ஆட்சேபம். ஆங்கிலம் காதில் விழும் நேரம் குறையும், உண்மைதான். ஆனால் கதை நின்ற இடத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கும் பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் பேசச் சொன்னால், வகுப்பு மௌனமாகிவிடும். மலையாளத்தில் விளக்கினால் தமிழ்ப் பிள்ளைக்கு அது இன்னொரு பாடம்.

எந்தக் கதை என்பதும் முக்கியம். ஆனைமலைத் தோட்டத் தொழிலாளர் வாழ்வை மருத்துவர் பி.எச். டேனியல் ‘ரெட் டீ’ என 1969-இல் ஆங்கிலத்திலேயே எழுதினார், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் அது ‘எரியும் பனிக்காடு’. தமிழில் ஓர் அத்தியாயம் படித்துவிட்டு ஆங்கில மூலத்துக்குப் போக இதைவிடத் தோதான நூல் இப்பகுதிக்கு அரிது. கொடுமை மிகுந்த கதை என்பதால் மேல்நிலை வகுப்புக்கு, அதுவும் பகுதிகளாகவே, ஏற்றது. சிறுவர்களுக்கோ புத்தகம் கிடைப்பதே முதல் சிக்கல். இடுக்கியின் இடமலைக்குடிக் காட்டில் தேநீர்க் கடையோடு சின்னதம்பி நடத்திய நூலகத்தில் சுமார் 160 நூல்களே இருந்தன என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் எழுதினார். ஃபிஜியிலோ 250 புத்தகங்கள் போய்ச் சேர்ந்தது பள்ளிக்கூடத்துக்கே.