பன்னீர் திராட்சையின் பிறந்த ஆண்டு

மணிமங்கலத்தில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்றான் என்பதற்குக் கூரம் செப்பேடு சாட்சி. ஏழாம் நூற்றாண்டுச் சண்டைக்கே ஆவணம் இருக்கிறது. ஆனால், ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து அதே ஊர் வழியாக வீடு திரும்புகிறவர்கள் தள்ளுவண்டியில் வாங்கிப்போகும் பன்னீர் திராட்சை எப்போது தமிழ்நாட்டுக்கு வந்தது என்று கேட்டால், கிடைப்பது செவிவழிக் கதைதான்.

1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது அந்தக் கதை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகளும் இதையே எழுதின. பழத்தின் பூர்வீகத்தைத் துருவினால் கணக்கு இடிக்கிறது.

உலகச் சந்தையில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் ரெஸ்ட் பார்க் மாளிகைத் தோட்டக்காரராக இருந்த ஸ்னோ, 1850 வாக்கில் உருவாக்கிய ரகம் இது. தாய், கருநிறக் கொத்துகளுக்குப் பேர்போன பிளாக் ஹாம்பர்க். தந்தை, வாசனைக்குப் பேர்போன அலெக்சாண்டிரியா மஸ்கட். 2003-ல் வெளியான மரபணு ஆய்வும் இந்தப் பெற்றோரை உறுதிசெய்தது.  பழத்தை நசுக்கினால் எழும் மணம் தகப்பன்வழிச் சொத்து. பாதிரியார் வேறு ஏதாவது திராட்சையைக் கொண்டுவந்திருக்கலாம். 1850-ல் பிறந்த கொடியை 1832-ல் நட்டிருக்க முடியாது.

வந்த ஆண்டை விட, வந்த கொடி இங்கே எப்படிப் பிழைத்தது என்பதுதான் சுவாரசியம். குளிர்நாடுகளில் திராட்சைக் கொடி இலை உதிர்த்து உறங்கும். விழித்தபின் ஆண்டுக்கு ஒரு மகசூல் தரும்.  

கம்பம் பள்ளத்தாக்கில் குளிர் செய்கிற வேலையைக் கத்தரிக்கோல் செய்கிறது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் போட்ட பந்தலில், முற்றிய கிளைகளை நாலைந்து கண் விட்டுக் கவாத்து செய்வார்கள். உறங்கத் தெரியாத கொடி உடனே துளிர்க்கும். துளிரோடு பூங்கொத்தும் வரும். நான்கு மாதத்தில் அறுவடை. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால், ஏறக்குறைய ஆண்டு முழுவதும் சந்தைக்குப் பழம் போகிறது. இடையில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும், இலையில் அடிச்சாம்பல் நோய் ஏறும். அந்தப் பயம் இன்றும் தீரவில்லை.

முல்லைப் பெரியாறு அணை 1895-ல் வந்து, பள்ளத்தாக்கின் விவசாயத்துக்கு நீர் உறுதியானது. அந்த நீரை நம்பி, சீமையில் ஆண்டுக்கு ஒருமுறை காய்த்த கொடியை இரண்டு, மூன்று முறை காய்க்கப் பழக்கியவர்கள் கம்பத்து விவசாயிகள். புவிசார் குறியீட்டுக்கு அந்த ஒரு தகுதி போதும். 1832 என்ற ஆண்டு தேவையே இல்லை.

(தொடரும்)