உப்பு வணிகன் நடந்த வழி

மதுரை என்றதும் பலருக்குக் கோபுரமும் மாசி வீதிகளும்தான் கண்முன் வரும். எனக்கு ஊருக்கு வெளியே சுற்றி நிற்கும் குன்றுகள் வரும். மேற்கே நாகமலையும் சமணர்மலையும், தென்மேற்கே பரங்குன்றம், வடகிழக்கே ஆனைமலை, வடக்கே அழகர்மலை, மேலூர்ப் பக்கம் போனால் மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு. மதுரையைச் சுற்றி எட்டுக் குன்றுகளில் சமணத் துறவியர் வாழ்ந்தார்கள் என்பது பழைய மரபு. எண்பெருங்குன்றம் என்று அவற்றைச் சொல்வார்கள். அந்த எட்டும் எவை என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. குகைகளுக்கு ஏறும் பாதைகள் பெரும்பாலும் எளியவை. காலைவேளையில் கிளம்பினால் பத்து வயதுப் பிள்ளையும் அறுபது தாண்டிய பெரியவரும் ஏறி இறங்கிவிடலாம்.

பாதை எளிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சமணத் துறவி ஓரிடத்தில் நிலைத்துத் தங்கக் கூடாது. ஊர் ஊராக நடந்துகொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டும், தரையில் முளைத்து ஊரும் சிற்றுயிர்கள் காலில் மிதிபடக் கூடாது என்பதற்காக, ஓரிடத்தில் தங்குவார். தவத்துக்குத் தனிமை வேண்டும். உணவுக்கோ ஊருக்குள் இறங்கி வர வேண்டும். ஊரைவிட்டு விலகியும் இருக்க வேண்டும், எட்டிவிடும் தூரத்திலும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடம் தாழ்வான குன்றின் குகைதான். தினமும் இறங்கி ஏறிய கால்களுக்குப் பொருந்திய வழி நம் கால்களுக்கும் பொருந்துகிறது.

அந்தக் குகைகளில் செய்திருக்கும் வேலையைப் பார்த்தால் அன்றைய கல்தச்சனின் அறிவு புரியும். பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மேலிருந்து வழியும் மழைநீர் அந்தக் காடியோடு நின்று வெளியே சொட்டிவிடும், உள்ளே இறங்காது. அதற்குக் கீழே தரையைச் செதுக்கி வழவழப்பாக்கிய கற்படுக்கைகள், தலைப்பக்கம் சற்று உயர்த்தி விட்ட மேடு. குகைவாயில் பாறையில் பந்தற்கால் நட்ட குழிகளும் சில இடங்களில் உண்டு. கொங்கர் புளியங்குளத்துக் குன்றில் இந்தக் குழிகளை நன்றாகப் பார்க்கலாம். அங்குள்ள தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகளை, கூரை அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்கள் என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். அவர்களில் ஒருவர் பாகனூர்க்காரர். வெயிலும் சாரலும் படாமல் இருக்க, படுத்திருக்கும் துறவிக்குப் பந்தல் போட்டுத் தந்தவர்கள் தங்கள் பெயரைப் பாறையில் விட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். பாண்டியர் பாடம் என்றால் அரசர் பெயர்களும் போர்களும்தான் புத்தகத்தில் இருக்கும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதுவார்கள். அழகர்மலையில் கிடாரிப்பட்டிப் பக்கம் ஏறிப் பார்த்தபிறகு அந்தப் பாடத்தை அப்படி நடத்த எனக்கு மனம் வரவில்லை. பஞ்சபாண்டவர் படுக்கை என்று ஊரார் சொல்லும் அந்தக் குகையில் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கணிக்கப்படும் கல்வெட்டுகள் இருக்கின்றன. மதுரைப் பொற்கொல்லன், உப்பு வணிகன், துணி விற்ற அறுவை வணிகன், கொழு விற்ற வணிகன் என்று தொழிலோடு சேர்த்துப் பெயர்கள். உழவனுக்கு ஏர்க்கொழு விற்றுப் பிழைத்த ஒருவரும் உப்பு மூட்டையோடு ஊர் சுற்றிய ஒருவரும் சேர்ந்து துறவிகளுக்குத் தானம் செய்திருக்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய மதுரைக் கடைத்தெரு ஒரு பாறையில் கிடைக்கிறது. என் மாணவர்களை அங்கே அழைத்துப் போய், ஆளுக்கு ஒரு பெயரைத் தேடச் சொல்வேன். அரசர் பட்டியலை மறந்தவர்கள்கூட உப்பு வணிகனை மறக்கவில்லை.

வணிகர்கள் ஏன் இந்தக் குகைகளைத் தேடி வந்தார்கள்? இவற்றில் பல, பழைய வணிகப் பெருவழிகளை ஒட்டி இருந்தன என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயர்களை வரிசைப்படுத்தினால் அந்தக் கருத்துக்கு வலு கூடுகிறது. சமணர்மலைக்குப் பக்கத்தில் முத்துப்பட்டிக் குகையில் முசிறியைச் சேர்ந்தவர் ஒருவரின் பெயர் வருகிறது. முசிறி சேரநாட்டு மேலைக்கடல் துறைமுகம். கீழவளவில் தொண்டியைச் சேர்ந்தவர் செய்த தானம். அந்த எழுத்து தலைகீழாக, வலமிருந்து இடமாக வெட்டப்பட்டிருப்பதால் படிக்கவே பயிற்சி வேண்டும். பரங்குன்றத்தில் ஈழத்துக் குடும்பத்தார் ஒருவர். மேற்குக் கடலிலிருந்தும் ஈழத்திலிருந்தும் வந்த கால்கள் மதுரையில் கூடிய காலத்தை இந்தக் குன்றுகள் பதிந்து வைத்திருக்கின்றன.

இந்த எழுத்துகளை நாம் மீண்டும் படிக்கத் தொடங்கி நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை. மாங்குளத்துக் கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சீவல் கண்டார். அது என்ன மொழி என்பது அப்போது விளங்கவில்லை. 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர்தான் இவை தமிழ் என்று எடுத்துக்காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் பல ஆண்டுகள் குகை குகையாக ஏறி, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து, 2003இல் பெருநூலாகத் தந்தார். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. கணி நந்தன் என்னும் துறவிக்கு அந்த அரசனின் பணியாளர் கடலன் வழுதி செய்த கொடை அது. அதே குன்றில் வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவும் தன் பெயரைப் பதித்திருக்கிறது. அரசனின் ஆளும் ஊர் வணிகரும் ஒரே பாறையில் அருகருகே நிற்கிறார்கள்.

முதன்முதலாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது கீழக்குயில்குடி. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். ஒரு பக்கம் படியேறினால் செட்டிப்புடவு. அங்கே பெரிய குகைமுகப்பில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை, நீண்ட காதைப் பார்த்துச் செட்டியார் என்றே ஊரார் சொல்லி வந்திருக்கிறார்கள். மறுபக்கம் ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே பாறையில் வரிசையாக எட்டுத் திருமேனிகள். பாம்பு குடைபிடிக்கும் பார்சுவநாதரும், கொடி படர நிற்கும் பாகுபலியும் அதில் உண்டு. கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள். அச்சணந்தி என்னும் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியும் அங்கே இருக்கிறது. இன்னும் மேலே போனால் மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பராந்தக வீரநாராயணன் காலத்துப் பள்ளி அது. உச்சியில் கன்னடக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. கர்நாடகத்துச் சிரவணபெளகொளாவோடு தொடர்புடைய துறவியர் பெயர்களை அது சொல்கிறது. அவ்வளவு தொலைவிலிருந்தும் இந்தக் குன்றுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

சமணம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஆனைமலை அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரையை 770ஆம் ஆண்டில் எடுப்பித்தவர் பாண்டிய அமைச்சர் மாறன்காரி. அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தை முடித்தார். அதே மலையில் முருகனுக்கு லாடன் கோயில், மேலே சமணத் திருமேனிகள். அரிட்டாபட்டியில் ஒரு பக்கம் இலகுலீசர் சிற்பத்தோடு சிவன் குடைவரை, மறுபக்கம் அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர், அதற்கும் மூத்த தமிழி எழுத்து. சமயப் பூசல்கள் நடந்த நாடுதான் இது. ஆனாலும் ஒருவர் வெட்டியதை மற்றவர் முற்றாக அழித்துவிடாமல் பக்கத்தில் தம்முடையதை வெட்டியிருக்கிறார்கள். நாம் காத்துக்கொள்ள வேண்டிய பண்பு இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஈராயிரம் ஆண்டு தாங்கிய பாறைக்கு நம் காலத்தில்தான் ஆபத்து வந்தது. மேலூர்ப் பக்கத்தில் குன்றுகளையே கிரானைட்டாக அறுத்து ஏற்றிப் போனார்கள். கீழவளவில் நின்று பார்த்தால் குன்று இருந்த இடத்தில் ஆழக் குழியும் பச்சைத் தண்ணீரும் தெரியும். 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆட்சிப்பணி அதிகாரி சகாயம் தலைமையில் விசாரணைக்கு ஆணையிடும் அளவுக்கு அது போனது. 2010இல் ஆனைமலையைச் சிற்பநகரமாக்கும் பேச்சு எழுந்தபோது அடிவாரத்து மக்கள் திரண்டு எதிர்த்தார்கள்; திட்டம் நின்றது. அதே ஆண்டில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை, ஆயிரக்கணக்கானவர்களை இந்தக் குன்றுகளுக்கு நடத்திக் கூட்டிப்போயிருக்கிறது. தொல்லியல் அறிஞர் சாந்தலிங்கம் பாறைக்கு முன்னால் நின்று எழுத்தைப் படித்துச் சொல்ல, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கேட்டார்கள். 2022இல் அரிட்டாபட்டி தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. 2024இல் அதே பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராகக் கிராமசபைத் தீர்மானம் போட்டு, மதுரை வரை நடந்து வந்து மக்கள் எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

தான் நடந்து பார்க்காத குன்றுக்காக யாரும் தெருவில் இறங்க மாட்டார்கள். அதனால்தான் இந்த நடையை நான் பொழுதுபோக்காக எண்ணுவதில்லை. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும், அன்று வேண்டாம். தண்ணீர் கொண்டுபோங்கள், காலிப் புட்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஆடு மேய்க்கும் பெரியவரிடம் வழி கேளுங்கள். குகையின் கதையும் சேர்த்துச் சொல்வார். பாறையில் உங்கள் பெயரைக் கீறாதீர்கள். அங்கே பெயர் பதித்தவர்கள் எல்லாரும் ஒரு படுக்கையோ ஒரு கூரையோ கொடுத்துவிட்டுப் பதித்தவர்கள். உங்கள் ஊரில் ஒரு குன்று இருந்தால் அதற்கு இந்த ஞாயிறே போய் வாருங்கள்.