நீதிமன்றத்திலிருந்து வந்த கதைகள்

கற்பிட்டியிலே 1807 ஆம் ஆண்டில் பிறந்த சைமன் காசிச்செட்டியின் பெயர் நம் கரையோரத்தில் இன்னும் மறக்கப்படவில்லை. இலங்கையின் ஊர்களை அகராதி போல நிரல்படுத்தி 1834 இல் 'சிலோன் கசற்றியர்' வெளியிட்டவர். 1859 இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளை 'தமிழ் புளூராக்' என்னும் ஆங்கில நூலாகத் தந்தவர். அவர் சிலாபத்தில் நீதிபதியாகவும் இருந்தார். இதைச் சொல்லிவிட்டு வழக்கமாக நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். சற்று நின்று பார்க்கலாம். கரைவலைப் பாடும் தென்னந்தோட்டமும் உப்பளமும் உள்ள பகுதியின் நீதிமன்றம் அது. பங்காளிச் சண்டையும் கள்ள உறுதியும் பொய்ச்சாட்சியும் அங்கே வராமல் இருந்திருக்குமா? ஆசனத்தில் இருந்து அவற்றைக் கேட்ட மனிதர் பழம்புலவர்களைப் பற்றித்தான் எழுதினார். கூண்டில் நின்றவனைக் கதையாக்கவில்லை.

அவர் காலத்தில் தமிழில் நாவல் ஏது என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் 1860 இலேயே காலமாகிவிட்டார். ஆனால், அந்த வடிவம் வந்தபோது அதை முதலில் கையில் எடுத்தவர்கள் யார்? 1879 இல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். 1885 இல் 'அசன்பேயுடைய கதை'யை எழுதிய சித்திலெவ்வை கண்டியில் பிறக்கிராசி. 1893 இல் 'கமலாம்பாள் சரித்திர'த்தைத் தொடங்கிய ராஜமையர் சட்டம் படிக்கப் போனவர். பள்ளிக்கூடத்தைவிட நீதிமன்றத்துக்கே தமிழ் நாவல் அதிகம் கடன்பட்டிருக்கிறது. தமிழாசிரியனாகிய எனக்கு இதை எழுதுவது அவ்வளவு உவப்பாக இல்லை; ஆனால் ஆண்டுகள் அப்படித்தான் சொல்லுகின்றன.

இவர்களுள் நம் நாட்டவரான முகம்மது காசிம் சித்திலெவ்வை 1838 இல் கண்டியில் பிறந்தார். தகப்பனாரும் சட்டத்தொழில் செய்தவரே. பிறக்கிராசி என்ற சொல் இன்றைய இளைஞருக்குப் புதிதாக இருக்கக்கூடும். அன்று மேல் நீதிமன்றத்தில் எழுந்து வாதாடியவர் அப்புக்காத்து. அதற்கு முன்னரே கட்சிக்காரனை உட்காரவைத்து, அவனுடைய அழுகையையும் ஆத்திரத்தையும் கழித்துவிட்டு, நடந்தது என்ன என்று கேட்டு வழக்கை எழுத்தில் ஒழுங்குபடுத்தியவர் பிறக்கிராசி. ஒருவன் எந்த இடத்தில் தடுமாறுகிறான், எதை விழுங்குகிறான் என்பதெல்லாம் அவருக்குப் பழகிப்போன சங்கதிகள். இத்தொழிலில் இருந்தவர் 1882 இல் 'முஸ்லிம் நேசன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காக ஓடியாடினார். அந்த வேலைகளுக்கிடையில் ஒரு நாவலும் எழுதினார். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று பொதுவாகக் கொள்ளப்படுவது அதுவே.

கதை எகிப்தில் தொடங்குகிறது. காயிர் நகரத்துப் பெருங்குடும்பம் ஒன்றின் ஆண்குழந்தை களவாடப்படுகிறது. தான் யாரென்று அறியாமலே பம்பாயில் வளரும் அப்பிள்ளை கல்கத்தாவுக்குப் போய், பல இடர்களைத் தாண்டி, கடைசியில் பிறந்த மண்ணை அடைகிறான். சம்பவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வாய் திறந்து கேட்பார்கள். ஆனால், இந்த ஓட்டத்துக்கு அடியில் கிடப்பது நீதிமன்றக் கேள்வி ஒன்றுதான்: இவன் இன்னாருடைய மகன் என்பதை எப்படி நிறுவுவது? காணி வழக்கிலும் முதுச வழக்கிலும் ஒரு பிறக்கிராசி ஓயாமல் சந்தித்த கேள்வி அது.

இந்நூலில் ஈழத்து மண் இல்லை என்பது நம் விமரிசகர்களின் பழைய குறை. அதற்கு ஒரு பதில் உண்டு. எகிப்திலே பிரித்தானியருக்கு எதிராக எழுந்து தோற்ற அறபி பாஷா 1883 ஜனவரியில் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு வந்து சேர்ந்தார். எகிப்துச் செய்தி அப்போது இங்குள்ள முஸ்லிம்களின் வீட்டுச் செய்தியாக இருந்தது. ஆகவே அது அந்நியக் களம் அன்று.

இந்தப் பதில் எனக்குப் பாதிதான் திருப்தி தருகிறது. மீதிப் பாதி சட்டத்தொழிலிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். கட்சிக்காரன் நம்பிச் சொன்னதை வெளியே விடாதிருப்பது அத்தொழிலின் முதல் ஒழுங்கு. கண்டி அன்று சிறிய பட்டினம். அங்கே ஒரு பிறக்கிராசி உள்ளூர்க் களவையும் உள்ளூர்க் குடும்பத்தையும் வைத்துக் கதை எழுதினால், யாருடைய வழக்கு என்று கடைத்தெரு முழுவதும் கண்டுபிடித்துவிடாதா? கடலுக்கு அப்பால் கதையைக் கொண்டுபோனால் அந்தத் தொல்லை இல்லை. வேதநாயகம் பிள்ளையும் தம் கதாநாயகனை மாயூரத்தில் பிறக்கவிடவில்லை. சத்தியபுரி என்று கற்பனையாக ஓர் ஊரைக் கட்டினார்.

மேல்நாட்டிலிருந்து ஒருவரை இங்கே கொண்டுவரலாம். வில்கி கொலின்ஸ் 1851 இல் வழக்கறிஞராக அனுமதி பெற்றவர், தொழில் செய்யவில்லை. 1859 இல் தொடராக வரத் தொடங்கிய 'வெள்ளுடைப் பெண்' என்ற அவருடைய நாவலிலும் களவு போவது ஒருவருடைய அடையாளந்தான். நீதிமன்றத்தில் சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராக வருவது போலப் பாத்திரங்கள் வந்து தாம் கண்டதைச் சொல்லுகிறார்கள். அச்சம் வெளியில் இல்லை. சாட்சியின் மனத்துக்குள் இருக்கிறது. இன்று உளவியல் மர்மக்கதை என்று நாம் சொல்லும் வகைக்கு அது ஒரு மூலம். அதை எழுதியவருக்குச் சட்டம் தெரியும். காப்பாற்ற வேண்டிய கட்சிக்காரன் இல்லை.

ராஜமையரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. சட்டம் படிக்கப் போனார், வக்கீலாகவில்லை. 'விவேக சிந்தாமணி'யில் 1893 முதல் 1895 வரை வந்த அவருடைய தொடரில் கொலையோ கடத்தலோ மையமில்லை. ஊர் வாயில் பிறந்த ஒரு வதந்தி முத்துசுவாமி ஐயரின் காதில் விழுகிறது. மனைவி மீது அவர் கொள்ளும் சந்தேகம் ஒரு வீட்டையே குலைக்கிறது. குற்றமும் விசாரணையும் தீர்ப்பும் ஒரே மனிதனின் நெஞ்சுக்குள் நடந்து முடிகின்றன. சித்திலெவ்வையின் நாவலில் இல்லாத பகுதி இதுதான். அசன் தன்னைத் தேடிப் பல ஊர்கள் போகிறான். அந்தத் தேட்டம் அவனுக்குள் என்ன செய்தது என்று ஆசிரியர் நின்று பார்ப்பதில்லை. (ராஜமையர் அதே நூலில் அம்மையப்ப பிள்ளை என்ற தமிழாசிரியரை வைத்து நம்மை நன்றாகச் சிரிக்கவும் வைக்கிறார். எங்கள் இனத்தவர் அதை மன்னித்துவிட்டோம்.)

மனத்தின் உள்ளே போகச் சித்திலெவ்வைக்குத் தெரியாது என்று இதற்குப் பொருளில்லை. 1897 இல் அவர் வெளியிட்ட 'அஸ்றாறுல் ஆலம்' முழுவதும் அகத்தைப் பற்றிய ஆராய்ச்சி. உலகத்தின் இரகசியங்கள் என்பது அப்பெயரின் பொருள். ஆனால், அங்கே பேசுபவர் ஞானி, கதாசிரியர் அல்லர். மறு ஆண்டு பெப்ரவரியில் அவர் காலமானார். அதே 1898 இல், மே மாதம், 26 வயதில் ராஜமையரும் போய்விட்டார்.